பழைய கார் சூடேறுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பத்து ஆண்டு சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிந்து புதுப்பித்த காரை ஓட்டுபவர்களுக்கும், அந்த நாளை நெருங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். சாதாரண ஜப்பானிய 1.5, 1.6 லிட்டர் பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஐரோப்பியக் கார், ஹைபிரிட் இரண்டுக்கும் கடைசிப் பகுதியில் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போகிறது. சாலையில் இருக்கும்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஏசியை நிறுத்துங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டுக்குத் திருப்பி, காற்றை முழு வேகத்தில் வைத்து, சன்னல்களை இறக்குங்கள். ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர்தான். உங்களுக்கு வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் கொஞ்சம் மூச்சு விடும். நம் வட்டாரத்துக்கென்று வந்த சில கார்களில் ஹீட்டரே கிடையாது. திருகில் சிவப்பு நிறம் இல்லாவிட்டால் அனேகமாக அந்த ரகம்.

முள் இன்னும் சிவப்பைத் தொடவில்லை, வண்டி நெரிசலில் நிற்கிறது என்றால், நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் வரை மெல்ல அழுத்திப் பிடியுங்கள். பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் அப்போது வேகமாகச் சுற்றும். ஓரிரு நிமிடத்தில் முள் இறங்கவில்லையென்றால் ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். சிவப்பைத் தொட்டுவிட்டால் அடுத்த வெளிவழி வரை போய்விடலாம் என்ற கணக்கே வேண்டாம். அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) வளைய அந்த இரண்டு கிலோமீட்டர் போதும்.

விரைவுச்சாலையில் நின்றால் அபாய விளக்கைப் போட்டு, காரிலிருந்து இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும். அங்கிருந்து பட்டறைக்குக் கொண்டுபோவது உங்கள் செலவு. காலாங் – பாய லேபார் விரைவுச்சாலையில் 9 கிலோமீட்டர் சுரங்கம். முள் ஏறத் தொடங்கிய காரோடு அதற்குள் நுழையாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரமாவது தொடக்கூடாது. 110 டிகிரியில் அழுத்தத்துக்குள் அடங்கிக் கிடக்கும் நீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் பாயும். ஆறிய பிறகும், தடித்த துணியைப் போட்டு முதல் தடுப்பு வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பின்னரே முழுக்கத் திறவுங்கள். கொதிக்கும் இன்ஜின்மேல் குளிர்நீர் ஊற்றுவது, அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரத்தைக் குழாயடியில் பிடிப்பதற்குச் சமம்.

முள் நடுவில்தான் நிற்கிறது. அதை நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி தயாரிப்பாளர்களே செய்து வைத்திருக்கிறார்கள். சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் ஓட்டுநர் பதறக்கூடாது என்பதற்காக. முள் அசையத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். சில சிறிய ஜப்பானியக் கார்களில் முள்ளே இல்லை. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, இடையில் ஒன்றும் இல்லை.

ஆகவே இன்ஜின் கணினியின் தகவலைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, கைப்பேசியில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டை எண்ணாகப் பாருங்கள். வழக்கமாக 85 முதல் 98. ஃபேன் 95 வாக்கில் ஓடத் தொடங்கி 90 வாக்கில் நிற்கும். 105 தாண்டினால் ஏதோ கோளாறு. 115 என்றால் இன்ஜினை அணைக்க வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கூலண்ட் மொத்தமாக வடிந்துபோனால் சென்சார் நீரில் மூழ்காமல் வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் சில வேளை கீழே விழும். முள் ஏறி, திடீரென்று சரிந்து, இன்ஜினில் தட்டும் ஓசை கேட்டால் அது குணமாகிவிட்டதன் அடையாளமில்லை, உடனே நிறுத்துங்கள்.

பட்டறையில் முதல் கேள்வியே "எப்பச் சூடாவுது?" என்கிறார்கள். ஏன்?

பாதி நோயறிதல் அந்தப் பதிலில் இருக்கிறது என்பதால். இன்ஜினைக் குளிர்விக்க இரண்டு ஓட்டம் வேண்டும். ஒன்று ரேடியேட்டர் வழியே காற்று, இன்னொன்று அதற்குள்ளே நீர். சூடேறும் நேரம், எந்த ஓட்டம் தடைபட்டது என்று காட்டிக் கொடுத்துவிடும்.

நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறதா? காற்று. அதாவது ஃபேன். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி, நெரிசலில் சரியாக இருக்கிறதா? நீரோட்டம் போதவில்லை: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், அரைகுறையாகத் திறக்கும் தெர்மோஸ்டாட் (சூடானதும் நீருக்கு வழிவிடும் வால்வு). காலையில் கிளப்பிய ஐந்து, பத்து நிமிடத்திலேயே உச்சிக்குப் போகிறதா? தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டது, அல்லது நீரே இல்லை. ஒரு நாள் ஏறும், மறுநாள் ஏறாது, நேரம் காலம் பிடிபடவில்லை என்றால் உள்ளே காற்றுக்குமிழி, ஃபேனுக்கு மின்சாரம் விடும் ரிலே தேய்ந்தது, அல்லது ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டில் தொடக்க நிலைக் கசிவு.

இதைச் சொல்லாமல் "சூடாவுது, பாருங்க" என்று மட்டும் காரை விட்டால், ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பார்கள். செலவு உங்கள் தலையில்.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நின்றால் மட்டும் ஏறுகிறது.

ஃபேன்தான், முதலில். இன்ஜினைக் கிளப்பி ஏசியைப் போடுங்கள். அடுத்த சில வினாடிகளில் ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் சுற்ற வேண்டும். இரண்டு இருந்தால் பெரும்பாலான கார்களில் இரண்டும் சுற்றும். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லையென்றால் மோட்டாரில் பழுதில்லை. சென்சாரையோ அதன் வயரையோ பாருங்கள். பல ஜப்பானியக் கார்களில் கூலண்ட் சென்சாரின் இணைப்பைக் கழற்றினால் இன்ஜின் கணினி பயந்து ஃபேனைத் தானே ஓட்டிவிடும். அப்படி ஓடினால் ரிலே, மோட்டார், ஃபியூஸ் மூன்றும் நலம்.

எதற்குமே சுற்றவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். பிறகு அதே பெட்டியிலுள்ள, அதே எண் பொறித்த ஹார்ன் ரிலேயைக் கழற்றி ஃபேன் ரிலே இருந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். இன்னும் அசையவில்லையென்றால் மோட்டாரின் உடலை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள், கையை இறக்கைக்கு வெளியே வைத்துக்கொண்டு. தட்டியதும் சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்று ஓடும், நாளை வரிசை நடுவில் நிற்கும். மாற்றிவிடுங்கள்.

நிறுத்திய காரின் இன்ஜினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம் என்பதால், அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சோதிக்க எண்ண வேண்டாம். பட்டறை வளாகத்தில் செய்யுங்கள்.

ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதே, ஆனாலும் ஏறுகிறது?

எந்தப் பக்கம் சுற்றுகிறது? சிரிக்க வேண்டாம். ஃபேன் மோட்டார் மாற்றியபோது வயர் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தால் காற்றை உள்ளே இழுக்காமல் முன்பக்கம் தள்ளும். ஒரு தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் தப்பு.

இரட்டை வேக ஃபேனில் மெதுவேகம் மட்டும் செத்திருக்கலாம். மெதுவேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்து போனால் அப்படி ஆகும். ஹையேஸ் போன்ற வேன்களிலும் பழைய பெரிய கார்களிலும் இன்ஜினோடு பூட்டிய விஸ்கஸ் கிளட்ச் ஃபேன் இருக்கும். இன்ஜின் சூடாக, அணைத்த நிலையில் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் உள்ளிருக்கும் சிலிக்கன் எண்ணெய் போய்விட்டது.

பிறகு ஷ்ரவுட் எனப்படும் ஃபேனைச் சுற்றிய பிளாஸ்டிக் கூடு, பம்பருக்கு அடியிலுள்ள காற்றுத் தடுப்பு. மோதிய காரைப் பழுதுபார்த்தபோது இவற்றை மீண்டும் பூட்டாமல் விட்டிருப்பார்கள். காற்று சுலபமான வழியைத் தேடும்; ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

விரைவுச்சாலையிலும் மலேசியாவின் கெந்திங் மலை ஏற்றத்திலும் மட்டும் ஏறுகிறது.

ரேடியேட்டர்மேல்தான் முதல் சந்தேகம். அடைப்பு வெளியிலும் இருக்கலாம், உள்ளேயும் இருக்கலாம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே விரற்கடை இடைவெளி. பத்தாண்டுத் தூசியும் பூச்சியும் இலைத் துணுக்கும் அங்கே கம்பளமாகப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும், ஏமாறாதீர்கள். மேல் பிடிப்பைக் கழற்றி, டார்ச் அடித்து இடையில் பாருங்கள். கழுவும்போது இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி, மெல்லிய அழுத்தத்தில் நீர் அடியுங்கள். கார் கழுவும் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிப்போகும்.

உள் அடைப்பைக் கண்டுபிடிக்க இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும். இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது ரேடியேட்டர் முகத்தில் கட்டம் கட்டமாக அளந்துகொண்டே போங்கள். நீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் 20 டிகிரி குறைவாகக் காட்டினால், அங்கே குழாய்கள் அடைத்துக்கொண்டன. பளபளக்கும் உலோகத்தை இந்தக் கருவி தவறாக அளக்கும். அந்த இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின்மேல் அளந்து பாருங்கள்.

ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பு, வயதானால் பழுப்பு. அலுமினியத்தோடு மடித்துப் பிடித்த விளிம்பில் வெள்ளையோ பச்சையோ உப்புப் பூத்திருந்தால் உடைவதற்கு நாள் பார்க்கிறது. அடைத்ததைக் கழுவி வைத்து ஓட்டுவதைவிட, அந்த நிறம் வந்த ரேடியேட்டரை மாற்றிவிடுவதே மலிவு.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார்களே? நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு அது?

இந்த யோசனை பழைய லாரிக் காலத்திலிருந்து வருகிறது. பல ஜப்பானிய இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கிறது. அதே அசைவில், அடிப்பகுதியிலுள்ள சிறு தட்டால், நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் பைபாஸ் வழியை மூடுகிறது. கழற்றி எறிந்தால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்துகொள்ளும். சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டியே பார்க்காமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். குளிர்விக்கச் செய்த காரியம் வேகச் சாலையில் சூட்டைக் கூட்டும். நெரிசல் இல்லாத இரவில் அதே கார் 60 டிகிரியைத் தாண்டாது. கணினி இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறதென்று நினைத்துப் பெட்ரோலை அள்ளிக் கொட்டும்.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பாருங்கள், சமையலறையில் முடிகிற வேலை. தெர்மோஸ்டாட்டின் உடலில் அது திறக்கும் சூடு, 82 என்று பொறித்திருக்கும். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் நீரில் தொங்கவிட்டு, கூடவே ஒரு சமையல் வெப்பமானியையும் வைத்துச் சூடாக்குங்கள். 80–84 டிகிரிக்குள் வாய் திறக்க வேண்டும். 95 வரும்போது 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் திறந்திருக்க வேண்டும். அரைகுறையாகத் திறந்து நின்றால் குப்பைக்கு. திரும்பப் பூட்டும்போது சின்னஞ்சிறு ஆடும் வால்வு மேல்பக்கம், பன்னிரண்டு மணி நிலையில் இருக்கட்டும். காற்று வெளியேற அதுதான் வழி.

காரிலேயே பார்க்க ஒரு வழி: ஓபிடியில் 95 காட்டும்போது மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டின் சூட்டையும் அளந்து பாருங்கள். மேலே கொதிக்க, கீழே வெதுவெதுப்பாகக்கூட இல்லையென்றால் நீர் ரேடியேட்டரைக் கடக்கவில்லை: தெர்மோஸ்டாட், பம்ப், அல்லது முழு அடைப்பு. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் நீர் ஓடுகிறது, காற்று வரவில்லை.

வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றுகிறேன். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. எங்கே போகிறது?

ஊற்றுவதை நிறுத்துங்கள், முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். குளிரூட்டும் அமைப்பு மூடிய ஒன்று. ஆண்டுக்கு விரற்கடை குறையலாம், வாரத்துக்கு அரை லிட்டர் குறைய முடியாது.

பட்டறையில் பிரஷர் டெஸ்டர் கேளுங்கள். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் வாயில் பூட்டி, மூடியில் எழுதிய அழுத்தம் வரை பம்ப் அடித்து, பத்து நிமிடம் விட வேண்டும். முள் இறங்கினால் கசிவு உறுதி. வெளியே தேட வேண்டிய இடங்கள்: வாட்டர் பம்பின் சிறு கசிவுத் துளை, த்ராட்டில் பாடிக்குப் போகும் விரல்மொத்தக் குழாய்கள், இன்ஜினுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஹீட்டர் ஹோஸ், ஹோஸ் கிளிப்புகள். சூடான உலோகத்தில் விழும் துளி உடனே காய்ந்துவிடும், அதனால்தான் தரை உலர்ந்திருக்கிறது. இளஞ்சிவப்போ பச்சையோ உப்புத் தடத்தைத் தேடுங்கள். முன்பக்கப் பயணி காலடிக் கம்பளம் ஈரமாகி இனிப்பு வாடை அடித்தால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர்.

வெளியே எங்கும் இல்லை, ஆனாலும் அழுத்தம் இறங்குகிறது என்றால் உள்ளே போகிறது. அது ஹெட் கேஸ்கட் கேள்வி, கீழே பாருங்கள்.

ரேடியேட்டர் மூடி அவ்வளவு முக்கியமா?

நினைப்பதைவிட. மூடியில் அது தாங்கும் அழுத்தம் 0.9 அல்லது 1.1 என்று இருக்கும். அழுத்தமில்லாமல் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், 1.1 மூடிக்கு உள்ளே சுமார் 121 வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலவையென்றால் 128 வாக்கில். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் இந்த இருபது சொச்ச டிகிரியும் காணாமல் போகும். சுமார் 1,800 மீட்டர் உயரமுள்ள கெந்திங்கில் திறந்த நீர் 94 டிகிரியிலேயே கொதிக்கிறது. ஃபேன் விழித்துக்கொள்ளும் முன்பே.

மூடியின் நடுவில் இன்னொரு சிறு வால்வு, ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து நீரைத் திரும்ப இழுக்க. அது சிக்கினால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும், டேங்க் நிரம்பி வழியும், ரேடியேட்டர் வெறுமையாக இருக்கும். மூடியை மாற்றுங்கள், அதே எண்ணில். கூடுதல் அழுத்த மூடி போட்டால் பழைய ஹோஸ் எங்காவது பிய்த்துக்கொள்ளும்.

வாட்டர் பம்ப் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

கசிவுத் துளையில் ஈரம், பெல்ட் பக்கம் அரைக்கும் ஓசை, கப்பியை ஆட்டினால் ஆட்டம். இந்த மூன்றும் இல்லாமலும் பம்ப் செத்திருக்கலாம்: வருடக்கணக்கில் வெறுந்தண்ணீரில் ஓடிய இன்ஜினில் உள் இறக்கைகள் துருவில் கரைந்துபோகும், கப்பி மட்டும் ஜோராகச் சுற்றும். டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் பெல்ட் மாற்றும்போதே அதையும் மாற்றுங்கள், கூலி ஒன்றுதான்.

ஹெட் கேஸ்கட் போய்விட்டதா என்று இன்ஜினைப் பிரிக்காமல் அறிய முடியுமா?

பெரும்பாலும் முடியும். இரவு முழுதும் ஆறிய இன்ஜினைக் காலையில் கிளப்பி, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிசையுங்கள். இன்னும் சூடே ஆகாத நிலையில் ஹோஸ் கல்லாக இறுகியிருந்தால், சிலிண்டரில் பெட்ரோல் எரிந்து எழும் வாயு நீருக்குள் புகுகிறது. வேறெதுவும் அவ்வளவு சீக்கிரம் அழுத்தம் ஏற்றாது.

அடுத்து பிளாக் டெஸ்டர். நீல நிறத் திரவம் நிரப்பிய குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, அங்கே எழும் ஆவியைத் திரவத்தின் ஊடே இழுப்பார்கள். பெட்ரோல் இன்ஜினில் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு கலந்திருக்கிறது. வாயிலிருந்து கூலண்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். திரவத்துக்குள் கூலண்ட் இழுபட்டால் சோதனை வீண்.

ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று பழுப்பாக, ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் நீர் போகிறது. இப்படி இரண்டு சோதனை ஒத்துப்போன பிறகே ஹெட்டை இறக்கச் சம்மதியுங்கள்.

இறக்கியபின் கேஸ்கட்டை மட்டும் மாற்றிப் பூட்டுவதை ஏற்காதீர்கள். நேர்விளிம்பு வைத்து, ஃபீலர் கேஜால் ஹெட்டின் சமதளத்தை அளக்க வேண்டும். பல அலுமினிய ஹெட்களுக்கு எல்லை 0.05 மில்லிமீட்டர். அதைவிடத் தடித்த இலை உள்ளே நுழைந்தால் சீவி மட்டம் செய்ய வேண்டும். இழுத்து இறுக்கும் ரக போல்ட்டுகள் என்றால் அவையும் புதிதாக. இதைத் தவிர்த்தால் ஆறு மாதத்தில் அதே வேலை மறுபடியும்.

ஆயில் மூடிக்கு அடியில் தே தாரிக் நுரைபோல் இருக்கிறது. முடிந்ததா?

அவசரப்படாதீர்கள். வீட்டிலிருந்து ஈரச்சந்தை வரை மட்டும் போய்வரும் காரில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. ஈரப்பதம் மூடியில் தங்கி, ஆயிலோடு கலந்து நுரைக்கும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவாக இருந்தால், துவாஸ் வரை ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த நிறம், ஆயில் மட்டம் ஏறியிருக்கிறது என்றால் இன்ஜினைத் திரும்பக் கிளப்பாதீர்கள், பேரிங் போய்விடும்.

ரேடியேட்டருக்குள் சிராப் பண்டுங் (ரோஜாப்பால்) போல இளஞ்சிவப்புப் பால் தெரிந்தால் அது வேறு நோய். ஆட்டோ கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் பல கார்களில் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது ஓட்டையாகி இரண்டும் கலந்துவிட்டன. இன்ஜினைவிட முதலில் கியர்பாக்ஸைக் காப்பாற்ற வேண்டும். ஓட்டாமல் இழுவை வண்டியில் கொண்டுபோங்கள்.

இங்கே பனியே இல்லை. குழாய்த் தண்ணீர் போதாதா?

சூட்டைச் சுமப்பதில் வெறுந்தண்ணீர் கூலண்டைவிடக் கெட்டிக்காரன், உண்மை. ஆனால் கூலண்டில் நாம் வாங்குவது துருத்தடுப்பையும் கொதிநிலையையும், பம்ப் சீலுக்கு வேண்டிய வழவழப்பையும். அலுமினியம், வார்ப்பிரும்பு, ஈயப்பற்று எல்லாம் ஒரே நீரில் நனைந்து கிடக்கும் இடத்தில் துருத்தடுப்பு இல்லாவிட்டால், இரண்டு மூன்று ஆண்டில் உள்ளே செம்மண் குழம்பு.

1.6 லிட்டர் காருக்கு மொத்தம் 5 முதல் 6 லிட்டர் போதும். செறிவு கூலண்ட் வாங்கினால் காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி. 30 விழுக்காட்டுக்குக் கீழே போனால் துருத்தடுப்பு வலுவிழக்கும். ஏற்கெனவே கலந்து விற்பதில் மறுபடி நீர் சேர்க்காதீர்கள். நிறத்தை வைத்து வகை சொல்ல முடியாது: பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம். கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். அவசரத்துக்கு வழியில் குழாய்நீர் ஊற்றினால் தவறில்லை, வீடு வந்து மாற்றிவிடுங்கள்.

பழைய கூலண்டை வடிகாலில் ஊற்றாதீர்கள். இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வடிகால் போய்ச் சேருவது நீர்த்தேக்கத்துக்கு. எத்திலீன் கிளைகால் இனிக்கும், புளோக் அடியில் திரியும் பூனைகள் நக்கினால் செத்துப்போகும். கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள்.

கூலண்ட் மாற்றிய மறுநாளிலிருந்துதான் சூடேறுகிறது.

காற்று அடைத்திருக்கிறது. காரின் மூக்கைச் சற்று உயர்த்தி நிறுத்தி, மூடி இல்லாமல், ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்துவிடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றபின் குமிழி வருவது நிற்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் நிற்கவில்லையென்றால் அது காற்றல்ல, சிலிண்டரில் எரிந்த வாயு.

கசிவை அடைக்கும் மருந்து ஊற்றலாமா?

ஊசித்துளைக் கசிவை அது அடைக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அதே கையோடு அடைக்கும். மலேசியாவில் நடு வழியில் மாட்டிக்கொண்டவருக்கு மட்டும் பரிந்துரைக்கலாம்.

குளிரூட்டும் பாகங்கள் எல்லாம் சரி. வேறென்ன?

இழுவை குறைந்து, சூடும் ஏறினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். புகை வெளியேற வழியில்லாமல் சூடு உள்ளேயே தங்கும். பிரேக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் ஓடிய பிறகு அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய இன்ஜின்களில் டைமிங் பின்தங்கியிருக்கலாம். ஆயில் மட்டமும் பாருங்கள், பலர் மறப்பது இதைத்தான்.

பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வேகன், ப்ரியஸ் வைத்திருப்பவர்களுக்கு?

பிஎம்டபிள்யூ இ90 தலைமுறையின் என்52 இன்ஜினில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நிற்கும். பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றுவதே வழக்கம். அதில் 105 டிகிரிக்கு மேலும் இயல்பே, ஜப்பானியக் கணக்கைப் போட்டுப் பதறாதீர்கள். காற்றெடுக்கும் முறையும் வேறு: பேட்டரிக்குச் சார்ஜர் இணைத்து, இன்ஜினைக் கிளப்பாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டர் சூட்டை உச்சத்திலும் காற்றைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரை 10 வினாடி தரையோடு அழுத்துங்கள். பம்ப் சுமார் 12 நிமிடம் தானாக ஓடும். பிளாஸ்டிக் எக்ஸ்பான்ஷன் டேங்கின் தையலில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

ஃபோக்ஸ்வேகன் டர்போ இன்ஜின்களில் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும் ரகங்கள் உண்டு. கூடு வளைந்து கசியும்.

மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கரி பிடித்து அடைப்பதும், பின்னர் ஹெட் கேஸ்கட் போவதும் தெரிந்த கதை. காலையில் கிளப்பியதும் இன்ஜின் சில வினாடி குலுங்கினால், சூடேறும்வரை காத்திருக்காமல் கூலண்ட் மட்டத்தைப் பாருங்கள்.

சிஓஇ புதுப்பிக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பத்தாண்டு தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதில் தேறியது குளிரூட்டும் அமைப்பின் நலத்துக்குச் சான்றாகாது. அங்கே முக்கியமாகப் பார்ப்பது பிரேக், புகை, விளக்கு, டயர் போன்றவற்றை. ஆகவே பணம் கட்டுமுன் பிரஷர் டெஸ்ட்டும் பிளாக் டெஸ்ட்டும் செய்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. பிளாக் டெஸ்ட் மஞ்சளானால், ஹெட் வேலைக்கு எழுத்தில் விலை வாங்கிய பிறகு முடிவெடுங்கள். ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது. வேலைச் செலவை அந்த ஐந்தால் வகுத்துப் பாருங்கள்.

டெஸ்ட் தேறியது, கார் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் மூடி, தெர்மோஸ்டாட், இரண்டு பெரிய ஹோஸ், கூலண்ட் இவற்றை ஒரே தடவையில் மாற்றுங்கள். ரேடியேட்டர் தொட்டி பழுப்பாகியிருந்தால் அதையும். எல்லாவற்றுக்கும் கூலண்டை ஒருமுறை இறக்கினால் போதும்.

பட்டறையில் காரை விடும்போது என்ன எழுதிக் கொடுக்கலாம்?

நான்கு வரி போதும். "நிற்கும்போது ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. ஏசி போட்டால் சீக்கிரம் ஏறுகிறது. ஓபிடியில் அதிகபட்சம் 108. மூன்று வாரத்தில் 300 மில்லி நீர் ஊற்றினேன்." அதற்குக் கீழே, பாகம் எதையும் மாற்றுமுன் தொலைபேசியில் கேட்கும்படி ஒரு வரி. கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லி இன்னொரு வரி.